திருப்பி வைத்த அட்டை

1

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பால்கனி வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டியது, குறிப்பேட்டில் எழுதினேன். காபி போட்டுக் குடித்தேன். கூடத்துச் சுவர்க் கடிகாரம் வாரத்துக்கு நாற்பது நொடி முந்திப் போகும். சனிக்கிழமைதோறும் அதைத் திருத்துவது என் வேலை, திருத்தினேன். ஏழு மணிக்கு ரொட்டி வாங்கி வந்தேன். எட்டு மணிக்கு என் மனைவி கலா வேலைக்குக் கிளம்பினாள். முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போக வேண்டும்.

ஒன்பதரைக்கு என் மகள் யாழினி தன் அறையிலிருந்து வந்தாள். தன் காருக்கான புது அலுமினியத் தொட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

‘இன்னைக்கு மாட்டப் போறேன்,’ என்றாள்.

வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே படியிறங்கினேன்.

பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நிலவறையில் எங்களுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் உண்டு. அங்கே நிற்பது என் கார் அல்ல. என் கார் தெருவில் மழையில் நிற்கிறது. நிலவறையில் நிற்பது யாழினியின் கார். இருவர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிப் போடக்கூடிய பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். அவளுக்கு வயது இருபத்திரண்டு, காருக்கு இருபத்தைந்து. பொறியியல் கல்லூரியை முதல் ஆண்டோடு விட்டுவிட்டு, இப்போது ஒரு பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை பழகுகிறாள். அந்த முடிவை என்னிடம் கேட்டு எடுக்கவில்லை. காரையும் என்னைக் கேட்டு வாங்கவில்லை.

பானட்டைத் திறந்து, தொட்டியை எஞ்சினுக்குப் பின்னால் அதற்குரிய மூலையில் இறக்கினாள். இறங்கவில்லை. பிரேக் பூஸ்டர் என்ற வட்டமான கறுப்புக் குடம் ஒன்று அந்த இடத்தில் இடித்துக்கொண்டு நின்றது. அதற்கு இடம்விட்டுத்தான் தொட்டியின் ஒரு மூலையில் பள்ளம் வைக்கச் சொல்லியிருந்தாள். பள்ளம் இருந்தது, எதிர் மூலையில் இருந்தது. தொட்டியை முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்தாள்; பள்ளம் முன்பக்கம் வந்து நின்றது. கவிழ்த்துப் பார்த்தாள், மூடி கீழே போனது. நான்காவது விதம் என்று ஒன்று இல்லை.

கொஞ்ச நேரம் பானட்டுக்குள் தலையை விட்டபடியே நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தொட்டியைச் செய்துகொடுத்த என் தம்பி பழனியை வீடியோவில் அழைத்தாள். இங்கே பத்து மணி ஐந்து நிமிடம். புதுச்சேரியில் ஒன்று முப்பத்தைந்து. பழனி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கேமராவைக் காட்டியதும் பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்துவிட்டான்.

‘அய்யய்யோ. திருப்பிப் போட்டு வெட்டிட்டேனாம்மா?’

‘பரவால்ல சித்தப்பா.’

‘என்னா பரவால்ல! கண்ணு போச்சும்மா எனக்கு. கண்ணாடி போடு, கண்ணாடி போடுன்னு உன் சித்தி சொல்லிகினேதான் இருக்கா. இப்ப பாரு. தேங்காய்த்திட்டுல படகுக்கு டீசல் டேங்க் கேட்டிருக்காங்க. பன்னெண்டு டேங்க். அதை வேணாம்னு சொல்லிடறேன். உனக்கு ஒண்ணு கெட்டது போதும். நடுக்கடல்ல எவனுக்காவது கெட்டா என்னா ஆவறது?’

தட்டைத் தள்ளிவைத்தது தெரிந்தது. அப்புறம், ‘அண்ணன் இருக்குதா பக்கத்துல? திட்டச் சொல்லும்மா என்னை,’ என்றான்.

நான் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். பள்ளம் தப்பான மூலையில் இருக்கிறது என்பது எனக்கு அன்று தெரிந்த செய்தி அல்ல. இருபத்தைந்து நாளாகத் தெரியும்.

2

இது ஏப்ரலில் தொடங்கியது. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் சூடேறினால் விரியும். விரிந்த தண்ணீர் போய் நிற்க ஒரு தொட்டி வேண்டும். ஆறினால் அதிலிருந்தே திரும்பி வர வேண்டும். யாழினியின் காரில் இந்த எளிய வேலைக்கு இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், ஐந்து குழாய்கள், பத்து கிளாம்புகள். பானட்டைத் திறந்தால் எஞ்சின் தெரியாது, குழாய்கள்தான் தெரியும். தொட்டிகள் மஞ்சளாகி, ஒன்றின் கழுத்தில் கீறலும் விட்டிருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு அலுமினியத் தொட்டி, மூன்று குழாய். அவ்வளவுதான் அவள் திட்டம். ‘தேவையில்லாதது எதுவும் இருக்கக் கூடாது. பார்த்ததும் புரியணும்,’ என்றாள். இதை அவள் என்னிடம் பிரெஞ்சில் சொன்னாள். என்னிடம் எல்லாவற்றையும் பிரெஞ்சில்தான் சொல்வாள்.

அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான் இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையின் அளவீட்டு அறையில் வேலை செய்கிறேன். உதிரிபாகங்கள் என் கருங்கல் மேசைக்கு வரும். அளந்து, சரி அல்லது தவறு என்று எழுதி அனுப்புவேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மகளின் ஆசையும் என் தொழிலும் ஒரே மூலையில் சந்தித்திருக்கின்றன என்று நினைத்தேன். அவள் வெளியே போயிருந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூலையை அளந்தேன். ஏழு தாள்களில் வரைந்தேன். ஒவ்வொரு தாளிலும் எது மேல், எது முன், எது ஓட்டுபவர் பக்கம் என்று அம்புக்குறி போட்டேன்.

‘நன்றி அப்பா, ரொம்ப அழகா இருக்கு,’ என்று சொல்லி, குளிர்பெட்டிக் கதவில் காந்த வில்லையால் ஒட்டிவைத்தாள். ஐந்து வயதில் அவள் வரைந்த யானையை நான் ஒட்டிவைத்த அதே இடம்.

தொட்டியைச் செய்துதரப் பழனியைக் கேட்டாள். சேதராப்பட்டில் அவனுக்கு ஒரு பட்டறை இருக்கிறது: லாரி, கார் ரேடியேட்டர் ரிப்பேர், படகுகளுக்கு டீசல் தொட்டி, அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங். அவள் அனுப்பிய என் தாள்களைப் பார்த்துவிட்டு எனக்குக் குரல் செய்தி அனுப்பினான்: ‘அண்ணே, வீடு கட்டற பிளான் மாதிரி இருக்குது. நமக்கு இதெல்லாம் ஏறாது. பொண்ணை ஒரு அட்டையை வெட்டி எடுத்துகினு வரச் சொல்லு. வச்சி கோடு போட்டா வேலை முடிஞ்சிது.’

அவள் ஒரு காலணிப் பெட்டியைப் பிரித்து, சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். தொட்டியை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அந்த வடிவம். நான் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். எந்த முகம் மேலே வர வேண்டும் என்று அட்டையில் அவள் எழுதவில்லை. எங்கள் அளவீட்டு அறைக்கு அப்படி ஒரு மாதிரி அட்டை வந்தால் தொடாமலே திருப்பி அனுப்புவேன். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் பேசாமல் இருப்பது. இதை நான் இத்தனை நாளாக நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். யாழினிக்கு நான் எட்டு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். நோட்டுகள் எல்லாம் தேதிவாரியாக அலமாரியில் இருக்கின்றன. பன்னிரண்டாவது வயதில் ஒருநாள், போதும் என்று எழுந்து போனாள். இந்த மே மாதம் அவள் அறைக் கதவைத் தாண்டிக் கேட்டது: ‘இல்ல சித்தப்பா, அந்த ஹோஸ் வாய் போறாது. பிரஷர் வந்தா கழண்டுகினு வந்துடும்.’

கழண்டுகினு. நான் சொல்லிக்கொடுத்த சொல் அல்ல. என் எட்டு ஆண்டுகளால் ஆகாதது, பழனியின் ஆறு வார வீடியோ அழைப்புகளில் ஆகிவிட்டது. நடைவழியில் கையில் சலவைக் கூடையோடு நின்றேன். மகள் தமிழ் பேசுகிறாள் என்று சந்தோஷப்பட வேண்டிய தகப்பனுக்கு வயிறு எரிந்தது. அந்தத் தேதியையும் எழுதிவைத்திருக்கிறேன்.

3

ஆகஸ்டில் இரண்டு வார விடுமுறைக்குப் புதுச்சேரி போனோம். உப்பளம் பகுதியில் எங்கள் பழைய வீட்டில்தான் பழனி இருக்கிறான். நான் பிரான்சுக்குப் போனது கலாவைக் கட்டியதால். அவள் சொல்தா வீட்டுப் பெண். அவள் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர், பிறப்பிலிருந்தே அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. எங்கள் தெருவில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. பழனியும் பட்டிருப்பான் என்று பல ஆண்டுகள் நம்பினேன். அது எனக்கு ஒருவிதத்தில் வசதியாகவும் இருந்தது.

காலை எட்டு மணிக்கு அவன் பைக்கில் யாழினி ஏறிக்கொள்வாள். இருவரும் சேதராப்பட்டுக்குப் போய்விடுவார்கள். மாலை ஏழு மணிக்கு, வழியில் எதையாவது தின்றுவிட்டு, விரலெல்லாம் கரியாக வருவார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. முதல் மூன்று நாள், வீட்டு வரி ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்கினேன். நான்காவது நாள், ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, பஸ் ஏறி நானே போனேன்.

‘வாண்ணே! வழி தெரிஞ்சுதா?’ என்றான் பழனி. நான் பிறந்த ஊரில் என்னிடம்.

தகரக் கூரை. இரண்டு மின்விசிறிகள். ஒரு மூலையில் லாரி ரேடியேட்டர்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வாசலில் ரேடியேட்டரைக் கழற்றிய ஒரு கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. முகமூடியைப் போட்டுக்கொண்டு யாழினி கடைசி மேசையில் துண்டுத் தகடுகளை ஒட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். வேலை முழுவதையும் படமெடுக்கத் தன் செல்போனைக் கம்ப்ரஸர் மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

‘பாத்தியாண்ணே, உன் பொண்ணு எப்படி இழுக்குதுன்னு! மொத நாளு வெல்டு வச்சது ஈரத்துல போட்ட கோலம் மாதிரி ஈஷிகினு இருந்துச்சு. இப்ப பாரு, தையல் மிஷின்ல அடிச்ச மாதிரி.’

நான் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தேன். ஒட்டு நன்றாக இருந்தது. அகலம் ஒரே சீராக இல்லை என்று சொன்னேன்.

‘சொல்லிட்டாரு இன்ஸ்பெக்டரு,’ என்றான் பழனி. யாழினி முகமூடிக்குள் சிரித்தாள்.

பிறகு அவன் அவளுடைய அட்டையை எடுத்தான். தகட்டில் கோடு போடுவதற்கு முன், வாசலில் நின்ற காரின் எஞ்சினுக்குப் பின்னால் கொண்டுபோய், மூலையில் வைத்துப் பார்த்தான். அவன் வழக்கம் அது. கைக்கு ஒரு அடையாளம் வேண்டும். அட்டையின் பள்ளம் அந்தக் காரின் பிரேக் பூஸ்டருக்கு எதிர்ப் பக்கமாக வந்தது. புருவத்தைச் சுருக்கினான். அட்டையைத் திருப்பிப் போட்டான். பள்ளம் பூஸ்டரின் மேல் சரியாக உட்கார்ந்தது.

‘ஆங். இப்படி,’ என்றான் தனக்குத்தானே.

அந்தக் கார் நம் ஊர்க் கார். ஸ்டியரிங் வலப்பக்கம், பிரேக் பூஸ்டரும் வலப்பக்கம். யாழினியின் கார் பிரான்சில் ஓடுவது, இரண்டும் இடப்பக்கம். முப்பது வருடமாக அவன் கை தொட்ட வண்டியெல்லாம் வலப்பக்க வண்டிகள். யாழினிக்கோ இடப்பக்கத்தைத் தவிர வேறொன்று உண்டு என்பதே தோன்றியிருக்காது. இரண்டு நாட்டு வண்டிகளையும் ஓட்டிய ஒரே ஆள் அந்தப் பட்டறையில் நான்தான். எனக்கு இரண்டடி தூரத்தில்தான் அட்டை திரும்பியது. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

விரலை உயர்த்தினேன்.

பழனி என்னைப் பார்த்தான். ‘என்னாண்ணே நின்னுகினே இருக்க? வக்கான்சுக்கு வந்த மனுசன், போயி ஃபேனுக்குக் கீழ உக்காரு. இந்தச் சூடெல்லாம் உனக்கு இனிமே ஒத்துக்காது.’

யாழினி முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னாள்: ‘அப்பாவை விட்டுடு சித்தப்பா. விட்டா கத்தரிக்கோலையும் அளப்பாரு.’

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. விடுமுறைக்கு வந்தவனை நிழலில் உட்காரச் சொன்ன சிரிப்புதான். நான் விரலை மடக்கிச் சட்டைப்பைக்குள் விட்டேன். மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்.

அப்போது என்ன நினைத்தேன் என்பதைச் சரியாக எழுதப் பார்க்கிறேன். இது என் வேலை இல்லை என்று நினைத்தேன். என் ஏழு தாள்களில் இந்தத் தவறு நடந்திருக்காது என்று நினைத்தேன். பொருந்தாமல் போகட்டும் என்றும் நினைத்தேன். மூன்றாவதாக எழுதியிருப்பதுதான் முதலில் வந்தது.

உட்கார்ந்திருந்தபோது அப்பா நினைவுக்கு வந்தார். அவர் மில்லில் ஃபிட்டர். வீட்டு மோட்டார் பம்பு நின்றுவிட்டால், ‘டேய் பழனி, டார்ச்ச புடி,’ என்றுதான் குரல் வரும். நான் மூத்தவன், நானும் அங்கேதான் நிற்பேன். என்னிடம் நோட்டைக் கொடுத்து, எந்தத் தேதியில் எந்த வாஷர் மாற்றினோம் என்று எழுதச் சொல்வார். அப்பா போன பிறகு அந்த நோட்டு எனக்கு வந்தது. டார்ச்சும் ஸ்பேனர்களும் பழனிக்குப் போயின. அந்தப் பாகப் பிரிவினையில் யாரும் சண்டை போடவில்லை. நான் கேட்கவில்லை, அதனால் யாரும் தரவில்லை.

மாலை நாலரைக்குத் தொட்டி முடிந்தது. குழாய் வாய்களை அடைத்து, தண்ணீர் நிரம்பிய டிரம்மில் முக்கி, உள்ளே காற்றை ஏற்றினார்கள். எங்கேயாவது ஓட்டை இருந்தால் குமிழி வரும். மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் குமிழி வரக் கூடாது என்று பார்த்தார்கள். ஒன்று வரட்டும் என்று நான் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை.

‘ஏ! சூப்பரு!’ என்று பழனி கத்தினான். வியர்வையில் நனைந்திருந்த அவனை யாழினி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என்னை அவள் கடைசியாக அப்படிக் கட்டிக்கொண்டது பதினான்கு வயதில். அது என் பிறந்தநாள்; மழை பெய்த நாள்.

4

தொட்டியை யாழினி கைப்பையிலேயே கொண்டுவந்தாள். நான் என் பங்குக்கு ஒரு வேலை செய்தேன். பாரிஸ் விமான நிலையத்துச் சுங்கத்தில் கேட்டால் காட்டுவதற்காக, பொருளின் பெயர், பயன், நீள அகல உயரம், உலோகம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, இரண்டு நகல்கள் எடுத்து வைத்திருந்தேன். இத்தனை ஆண்டுகளில் அந்த நாட்டு அலுவலகங்களில் நான் கற்றது, கேட்பதற்கு முன்பே தாள் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான்.

கேட்டார்கள். தாளை நீட்டினேன். அதில் நான், எரிபொருள் தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பொதுவாக வழங்கும் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டிருந்தேன். அந்தப் பெண் அதிகாரி ஒரு அடி பின்னால் நகர்ந்து, இதில் பெட்ரோல் இருந்ததா என்று கேட்டார். நான் பதறியதில் வினைச்சொற்களெல்லாம் காலம் மாறி வந்தன: இருக்கும், இல்லை, இருந்திருக்காது. யாழினி குறுக்கிட்டு, மெக்கானிக்குகள் அதற்குச் சொல்லும் சரியான பெயரைச் சொன்னாள். அதிகாரியின் முகம் தெளிந்தது. அழகாக இருக்கிறதே, யார் செய்தது என்றார்.

‘என் சித்தப்பா,’ என்றாள் யாழினி. அதில் இருந்த பெருமையை எந்தக் கருவியாலும் அளக்க வேண்டியதில்லை. என் தாளை அதிகாரி மடித்து என்னிடமே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைத் தன் அலமாரியில், படுக்கைக்கு நேரே வைத்தாள். பணிமனையில் புதுப் பயிற்சி தொடங்கியிருந்ததால் மாட்ட நேரமில்லை. பதினாறு நாள் அது அங்கே இருந்தது. துணி எடுத்து வைக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். தப்பான மூலையில் பள்ளத்தோடு பளபளவென்று நின்றது. ஒவ்வொரு நாளும், இன்று சொல்லிவிடலாம் என்று ஒருமுறையும், தானே தெரிந்துகொள்ளட்டும் என்று ஒருமுறையும் நினைப்பேன்.

5

மறுபடி அதே செப்டம்பர் 14, சனிக்கிழமை. மாட்ட முடியாமல் மாடிக்கு வந்த பிறகு யாழினி மதியம் முழுவதும் அறையை விட்டு வரவில்லை. கலா வேலையிலிருந்து வந்து, ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டாள். ‘தொட்டி பொருந்தல,’ என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை.

ஐந்து மணிக்கு யாழினி கூடத்துக்கு வந்தாள். கையில் செல்போன்.

‘எங்க தப்பாச்சுன்னு பாக்கலாம்னு வீடியோவ எடுத்தேன்,’ என்றாள். தமிழில் சொன்னாள். ‘சித்தப்பா பாவம், கண்ணு போச்சுன்னு சொல்லிகினு இருக்காரு. அதான் பாத்தேன். நீயும் பாரு.’

சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைக் காட்டினாள். கம்ப்ரஸர் மேலிருந்து எடுத்த படம், கொஞ்சம் சாய்ந்திருந்தது. பழனி அட்டையைக் காரில் வைக்கிறான். திருப்புகிறான். ஆங், இப்படி. படத்தின் ஓரத்தில் நான் நிற்கிறேன். என் கண் அட்டையோடு திரும்புகிறது. விரல் மேலே போகிறது. நிற்கிறது. சட்டைப்பைக்குள் போகிறது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

‘ரொட்டி ஒரு பக்கம் கோணலா வெட்டியிருந்தா உனக்குத் தெரியும்,’ என்றாள். ‘கடிகாரம் நாப்பது செகண்டு தப்பினா தெரியும். இது தெரியலையா?’

‘தெரிஞ்சுது.’

‘அப்பவேவா?’

‘அப்பவே.’

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறையில் கலா குழாயை மூடிவிட்டாள், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

‘ஏம்ப்பா?’

‘நீ என்கிட்ட கேக்கல,’ என்றேன். அதைச் சொன்னபோதே அது எவ்வளவு சின்னதாக ஒலித்தது என்று தெரிந்தது. ‘தாள் வரைஞ்சு கொடுத்தேன். அதை ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டே. நீங்க ரெண்டு பேரும்...’

‘தொட்டி எனக்குப் பெரிசில்ல,’ என்றாள் யாழினி. ‘வெட்டி மறுபடி ஒட்டலாம். சித்தப்பா சோத்துல கைய வச்சிகினு உக்காந்திருந்தாரே, அதைப் பாத்துகினு நீ பக்கத்துல சும்மா நின்னியே. அது.’ எழுந்தாள். ‘நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். வீடியோவும் அனுப்ப மாட்டேன். நீயே சொல்லு. சொல்லலைன்னா நீ அந்தக் கார்ப்பக்கம் வராதே.’

கதவு மூடியது. அறையவில்லை, மெதுவாகத்தான் மூடினாள்.

அப்போது புதுச்சேரியில் இரவு எட்டே முக்கால். பழனி தூங்கியிருக்க மாட்டான். செல்போனைக் கையில் எடுத்தேன். படகுக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பானோ என்று யோசித்தேன். என்ன சொல்வது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். நான்கு வரி வந்தது. நான்கிலும் தவறு அட்டையின் மேல் இருந்தது. தாளைக் கிழித்தேன். அழைக்கவில்லை.

6

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. 5.40க்கு எழுந்தேன். வெப்பமானியைப் பார்க்கவில்லை. காபிக்குத் தண்ணீர் வைக்கவில்லை. முதலில் பழனியை அழைத்தேன். அங்கே ஒன்பது மணி பத்து நிமிடம்.

எடுத்ததும் ஒரே இரைச்சல். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தான்.

‘இருண்ணே... யம்மா, தலைய தனியா போடு, வாலைத் தூக்கிப் போட்றாத... சொல்லுண்ணே. என்னா இந்நேரத்துல? அங்க விடிஞ்சுதா?’

‘விடியல. படகு வேலைய வேணாம்னு சொல்லிட்டியா?’

‘இன்னைக்கு சாயங்காலம் போயி சொல்லலாம்னு இருக்கேன். நாளைக்குக் கண்ணாஸ்பத்திரி.’

‘சொல்லாத. உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பிரான்சு வண்டியில எல்லாம் இடப்பக்கம். நீ வலப்பக்க வண்டியில வச்சுப் பாத்துத் திருப்பிட்டே. யாரா இருந்தாலும் திருப்பியிருப்பாங்க.’

‘அட, ஆமாம்ல!’ என்றான். ‘அதான் விஷயமா? எனக்குத் தோணவே இல்ல பாரு. உனக்கு இப்பத்தான் தோணுச்சா?’

இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அவனுக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது. இப்பத்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நடைவழியில் யாழினி அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது.

‘இல்லடா. நீ திருப்பறப்பவே பாத்தேன். தப்புன்னு அப்பவே தெரியும். சொல்லல.’

அந்தப் பக்கம் கத்தி பலகையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து வெட்டு எண்ணினேன்.

‘ஏண்ணே?’

‘பொறாமைடா.’

‘யாரு மேல?’

‘உன் மேல.’

மறுபடி வெட்டும் சத்தம். மீன்காரம்மா ஏதோ கேட்டாள். பிறகு பழனி சிரிக்க ஆரம்பித்தான். முழுச் சிரிப்பு அல்ல, பாதியில் நின்றது.

‘என் மேலயா? பிரான்சுல உக்காந்துகினு, மீன் வாங்க வரிசையில நிக்கிற என் மேலயா? யம்மா, இதைக் கேட்டியா...’ என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டான். குரல் தாழ்ந்தது. ‘ராவெல்லாம் தூங்கலண்ணே நானு. கண்ணை மாத்தி மாத்தி மூடிகினு காலண்டரப் பாத்துகினே இருந்தேன்.’

‘தெரியும்.’

‘தெரிஞ்சிகினு தூங்கினியா நீ?’

‘தூங்கல.’

‘சரி விடு,’ என்றான். சரியாகிவிட்ட குரல் இல்லை அது. ‘புதுசா அட்டைய வெட்டி அனுப்பு. பொண்ணு வேணாம், நீ வெட்டு. எது மேலன்னு கொட்டை எழுத்துல எழுது. ஏழு தாளு வேணாம், ஒரு அட்டை போதும். யாழினி எழுந்துடுச்சா?’

‘லைட் எரியுது.’

‘அதுகிட்ட குடு, பேசணும்.’

அந்த ஒரு வரியில் பழைய எரிச்சல் அப்படியே, ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமல், வயிற்றில் எழுந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். எழுந்துபோய் அவள் கதவைத் தட்டினேன். திறந்தாள். செல்போனை நீட்டினேன்.

‘சொல்லிட்டேன்,’ என்றேன்.

‘கேட்டுச்சு,’ என்றாள். வாங்கிக்கொண்டு, கதவை மூடாமல் உள்ளே போனாள்.